மூட்டை இல்லாத ஒரு பயணம்



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் வீட்டுக் கணக்கு எழுதுவது பற்றிப் பேசினோம். இந்த மாதம் கணக்கு வழக்கு ஒன்றுமில்லை. ஒருநாள் பயணக் கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன். "எங்கட பாட்டுக்கு இது என்னத்துக்கு?" என்று கேட்பவர்கள் முடிவு வரைக்கும் பொறுமையாக வாசியுங்கள். அந்தக் கேள்வியை என்னிடம் நேரிலேயே கேட்ட ஓர் அக்காவின் கதையும் இதற்குள் இருக்கிறது.

2024 தை மாத இறுதியில், அனர்த்தத்தால் இடம்பெயர்ந்த பெண்களோடு வேலை செய்பவர்களுக்கான பயிற்சி ஒன்றுக்காக ஜப்பானின் வடபகுதியில் உள்ள செண்டாய் நகருக்குப் போயிருந்தேன். பயிற்சிக்கு நடுவில் ஒருநாள் விடுமுறை கிடைத்தது. மற்றவர்கள் கடைகளுக்குப் போகத் தீர்மானித்தார்கள். என்னோடு பயின்ற ஜப்பானியத் தோழி மட்டும், "உனக்கு ஒரு ரயிலைக் காட்டுகிறேன்" என்று முதல்நாளே என்னை ஐசு-வகாமட்சு என்ற ஊருக்கு அழைத்துச் சென்றார். அது புகுஷிமா மாகாணத்தின் மேற்குப் பக்கத்தில் மலைகளுக்கு நடுவே உள்ள பழைய நகரம்.

புகுஷிமா என்றதும் உங்களுக்கு 2011 மார்ச் 11 நினைவுக்கு வரும். அன்று நிலநடுக்கம், சுனாமி, அணுமின் நிலைய விபத்து என்று மூன்று அழிவுகள் ஒன்றாக வந்தன. அணுமின் நிலையம் இருந்த ஒகுமா ஊர் மக்கள் இரவோடிரவாக வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. அவர்களில் பலருக்கு இந்த ஐசு-வகாமட்சு தான் இடம் கொடுத்தது. ஒகுமாவின் ஊர்ச் சபை அலுவலகமே இங்கே வந்து இயங்கி, 2019 இல் தான் சொந்த ஊருக்குத் திரும்பியது. இடம்பெயர்ந்து போன இடத்தில் பதிவுக்கும் நிவாரணத்துக்கும் வரிசையில் நின்ற எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் ஏறிய ரயிலின் பாதைக்கு டடாமிப் பாதை என்று பெயர். ஐசு-வகாமட்சுவிலிருந்து கொய்தே என்ற ஊர் வரை 135.2 கிலோமீற்றர், 36 நிலையங்கள். முழுத் தூரமும் ஓடும் வண்டிகள் ஒரு நாளைக்கு மூன்றே மூன்று. முதலாவது காலை ஆறு மணி கடந்து சில நிமிடத்தில் புறப்படும். அதை விட்டால் மத்தியானம் தான். ஆகவே இருட்டோடு எழும்பி, தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினோம். இரண்டே பெட்டிகள் கொண்ட டீசல் வண்டி. உள்ளே ஆசனத்தின் கீழிருந்து இதமான சூடு வந்தது. வெளியே விடியவில்லை.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் 1988 இல் பிறந்தவள். எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது, 1990 இல், யாழ்தேவி வடக்கே வருவது நின்றுபோனது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. எங்கள் வீட்டுக்கு அருகில் இருந்த மேட்டை எல்லோரும் "கோச்சி றோட்டு" என்பார்கள். அதன்மேல் ஆடு கட்டுவோம், சைக்கிள் பழகுவோம். அதில் ரயில் ஓடியது என்று அம்மா சொல்லும்போது அது ஒரு புராணக் கதை போலவே இருக்கும். ஆகவே வளர்ந்த பின்பும் ரயிலில் ஏறினால் எனக்கு ஒரு சிறுபிள்ளைப் புளுகம் வந்துவிடும். அன்றும் வந்தது.

வயல்வெளிகளைத் தாண்டி வண்டி மலையில் ஏறத் தொடங்கியபோது விடிந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை. கூரைகளில், மரங்களில், மதில்களில், கோவில் வாசலில் எல்லாம் பனி. அந்தப் பகுதியில் இவ்வளவு பனி கொட்டுவதற்கான காரணத்தைத் தோழி சொன்னார். மாரியில் சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. பிறகு மலையில் மோதி எல்லாவற்றையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. எங்களுக்கு மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து மழை கொண்டு வருகிறதல்லவா, அதே கணக்குத்தான். எங்களுக்குத் தண்ணீர், அவர்களுக்குப் பனி.

யனாய்சு என்ற நிலையத்தில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மா ஏறி எங்களுக்கு எதிரே அமர்ந்தார். நாங்கள் வணக்கம் சொன்னதும், கையில் இருந்த பொதியைப் பிரித்து ஆளுக்கு ஒரு மஞ்சள் நிறப் பலகாரம் தந்தார். வெளியே தினை, உள்ளே இனிப்பான சிவப்புப் பயறு. சூடு ஆறியிருந்தாலும் நல்ல ருசி. அந்த ஊரின் பெயர்பெற்ற பண்டம் அதுதான். தினைக்கு அவர்கள் மொழியில் 'அவா' என்று பெயர். அதே ஓசையில் 'சந்திக்காமல் இருப்பது' என்ற சொல்லும் உண்டாம். ஒரு காலத்தில் பெரும் அழிவைக் கண்ட ஊரவர்கள், இனி இப்படி ஒரு அழிவைச் சந்திக்கக் கூடாது என்று வேண்டித் தினையில் இந்தப் பண்டத்தைச் செய்து படைத்தார்களாம். தலையாட்டும் சிவப்பு மாட்டுப் பொம்மையும் அந்த ஊரோடு சேர்ந்ததே. அங்குள்ள கோவிலை மீண்டும் கட்ட மரம் இழுத்தது ஒரு சிவப்பு மாடு என்பது கதை. அழிவைக் கண்ட ஊர்கள் எல்லாவற்றிலும் பலகாரத்துக்கும் பொம்மைக்கும் கூட ஒரு நேர்த்தி இருக்கும் போலும்.

அம்மாவின் மடியில் இருந்த கூடைப்பை என் கண்ணை இழுத்தது. கருமண்ணிறத்தில், எண்ணெய் பூசியது போல மினுங்கியது. காட்டுத் திராட்சைக் கொடியின் பட்டையில் பின்னியது என்றார். அவருடைய தாயார் பாவித்தது, தனக்குப் பிறகு பேத்திக்குப் போகும் என்றார். அந்தப் பாதையில் உள்ள மிஷிமா என்ற சிற்றூரின் கைவேலை இது. ஆனி மாத மழைக்காலத்தில் சில கிழமைகளுக்குள் தான் கொடியின் பட்டையை உரிக்கலாம். ஹிரோரோ என்ற புல்லைக் கோடை முடியும்போது வெட்டிக் காய வைப்பார்கள். அரிசி கழுவும் வடிகூடைக்கு வேறொரு கொடி. அது தண்ணீரில் இளகுவதால் கையைக் கீறாது. பனி மூடி வயல் வேலை நிற்கும் மாதங்களில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து பின்னுவது வழக்கம். 2003 இல் ஜப்பானிய அரசு இதை நாட்டின் மரபுக் கைத்தொழிலாக அங்கீகரித்தது.

அதற்கு அயலில் உள்ள ஷோவா கிராமத்தில் கரமுஷி என்ற நார்ச்செடியைப் பயிரிட்டு, நார் உரித்து, நூலாக்கி நெசவு செய்கிறார்கள். இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டதால் கலை அழிந்துவிடும் என்ற நிலை வந்தபோது, 1994 இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வெளியூர்ப் பெண்கள் ஒரு வருடம் அங்கே தங்கி, பயிர்ச்செய்கை முதல் நெசவு வரை மூத்த பெண்களிடம் கற்கலாம். அப்படி வந்தவர்களில் சிலர் அந்த ஊரிலேயே குடியிருந்துவிட்டார்கள். எனக்கு எங்கள் பனையோலை வேலை நினைவுக்கு வந்தது. எங்களிடமும் பெட்டியும் பாயும் பின்னும் மூத்த அம்மாமார் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குகிறோம். அவர்களை ஆசிரியைகளாக நினைத்து எத்தனை பேர் போய் முன்னால் அமர்ந்திருக்கிறோம்?

வண்டி ஆற்றின் கரையைப் பிடித்தது. டடாமி ஆறு பச்சை நிறம். மேலே மலை, கீழே ஆறு, நடுவே இரும்புப் பாலம். காட்சி நல்ல இடங்களில் சாரதி வேகத்தைக் குறைக்கிறார். முதலாவது பாலத்தில் போகும்போது எதிர் மலைச்சரிவில் படம் எடுக்கக் காத்து நின்றவர்கள் கை காட்டினார்கள். வழியில் பனி அள்ளிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியும் மண்வெட்டியை ஊன்றிவிட்டுக் கை காட்டினார். அந்தப் பாதையோரத்து மக்களுக்கு அது ஒரு வழக்கம். நானும் காட்டினேன்.

அப்போது தான் எதிரே இருந்த அம்மா பேசத் தொடங்கினார். அவருடைய வட்டாரப் பேச்சு என் தோழிக்கே முழுதாக விளங்கவில்லை. இருவரும் சிரித்துச் சிரித்து ஒன்றையே இரண்டு தடவை சொல்லி எனக்கு விளக்கினார்கள்.

2011 ஜூலை இறுதியில், அணுமின் விபத்து நடந்து நான்கு மாதங்களின் பின், இந்தப் பள்ளத்தாக்கில் பெருமழை கொட்டியது. ஆறு பெருகி மூன்று ரயில் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. ஐசு-கவாகுச்சி நிலையத்துக்கும் டடாமிக்கும் இடையில் 27.6 கிலோமீற்றர் பாதை மூடப்பட்டது. அம்மாவின் தங்கை டடாமியில் இருக்கிறார். பதிலுக்கு பஸ் விட்டார்கள். ஆனால் பாதி வழியில் ரயிலை விட்டு இறங்கி, பனியில் பஸ்ஸுக்கு மாறுவது முதுமையில் இலகுவல்ல. "தங்கையைப் பார்ப்பது வருடத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்துவிட்டது" என்றார்.

பாதையைத் திருத்துவதா, கைவிடுவதா என்று பெரிய வாதம் நடந்தது. வெள்ளத்துக்கு முந்திய ஆண்டின் கணக்குப்படி, மூடப்பட்ட பகுதியில் ஒரு நாளைக்குச் சராசரியாக 49 பேர் தான் பயணம் செய்திருந்தார்கள். ரயில் கம்பனி பஸ்ஸே போதும் என்றது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் ஊர்ச் சபைகளும் மாகாண அரசும் விடவில்லை. 2017 இல் ஓர் உடன்பாடு வந்தது. தண்டவாளமும் பாலமும் மாகாண அரசின் பொறுப்பு, வண்டியை ஓட்டுவது கம்பனியின் பொறுப்பு. சுமார் 900 கோடி யென் செலவில் பாலங்களைக் கட்டி, 2022 ஒக்டோபர் 1 ஆம் திகதி முழுப் பாதையும் மீண்டும் திறக்கப்பட்டது. பதினொரு வருடங்கள்.

"முதல் ரயில் வந்தபோது நான் அழுதேன். அன்றைக்கு எனக்கு அந்த ரயிலில் போக ஒரு வேலையும் இருக்கவில்லை. ஆனாலும் அழுதேன்" என்றார் அம்மா.

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 2013 செப்டெம்பர் 14 இல் கிளிநொச்சிக்கு ரயில் வந்தபோது என் அம்மாவும் அப்படித்தான் கரையில் நின்று அழுதார். அவருக்கும் அதில் போக ஒரு வேலையும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப 2014 ஒக்டோபர் ஆனது. எங்களுக்கு இருபத்துநான்கு வருடங்கள்.

சமூகவியல் படித்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தக் கதையை "மன உறுதி இருந்தால் எல்லாம் திரும்பி வரும்" என்று நான் முடிக்க மாட்டேன். அந்தப் பாலங்கள் மன உறுதியால் எழும்பவில்லை. பொதுப் பணத்தாலும், விடாமல் கேட்டதாலும், பொறுப்பை யார் ஏற்பது என்று எழுதி வைத்த உடன்பாட்டாலும் எழும்பின. கவாகுச்சி நிலையம் இருக்கும் கனேயாமா ஊரில் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். ரயில் வந்ததால் இளையவர்கள் கூட்டமாகத் திரும்பி வந்துவிடவும் இல்லை. ஆனால் 49 பேர் என்பது குறைந்த தொகை என்பதால், அவர்கள் கணக்கில் இல்லாதவர்கள் ஆகிவிடவில்லை. பஸ் போகாத மீள்குடியேற்றக் கிராமத்துக்கு பஸ் கேட்டு மனு எழுதும்போது "ஆக்கள் காணாது" என்ற பதிலைக் கேட்டவர்கள் நாங்கள். அடுத்த தடவை அந்த 49 பேரை நினைத்துக்கொண்டு எழுதுவோம்.

இன்னொன்றையும் தோழி சொன்னார். கவாகுச்சி முதல் டடாமி வரையான பகுதி முதலில் பயணிகளுக்காகப் போடப்பட்டதல்ல. 1950களில் தாகோகுரா அணைக்கட்டுக்குப் பொருட்கள் ஏற்றப் போட்டது. 1963 இல் தான் அது பயணிகள் பாதையானது. அந்த அணைக்காகத் தாகோகுரா என்ற ஊரே தண்ணீருக்குள் போனது. மின்சாரம் நகரங்களுக்குப் போனது. அந்த மலை மக்களும் சும்மா ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

டடாமியில் இறங்கினோம். அம்மாவின் தங்கை, அவரைப் போலவே கூனிய உருவம், வாசலில் குடையோடு நின்றார். இருவரும் கட்டிப் பிடிக்கவில்லை, அழவில்லை. குனிந்து வணங்கினார்கள். பிறகு ஒருவர் மற்றவரின் பையைப் பிடுங்கித் தூக்கப் பார்த்தார்கள். அக்கா தங்கை சண்டை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நாங்கள் பனியில் நடந்தோம், சூடாக நூடில்ஸ் குடித்தோம், ஆற்றைப் பார்த்தோம். வேறு ஒன்றும் செய்யவில்லை. பின்னேர ரயிலில் திரும்பி, இருட்டும் நேரம் ஐசு-வகாமட்சுவுக்கு வந்தோம்.

திரும்பும் வழியில் தோழி அந்த நகரத்துப் பெண் ஒருவரின் கதையைச் சொன்னார். 1868 இல் அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது. கோட்டை ஒரு மாதம் வரை முற்றுகையில் இருந்தது. உள்ளே விழும் பீரங்கிக் குண்டுகள் வெடிக்கமுன் பெண்கள் நனைத்த மெத்தைகளைப் போட்டு அமுக்கினார்கள். அந்த வேலையில் உயிர்விட்டவர்களும் உண்டு. அங்கே எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய அண்ணியும் அப்படித்தான் இறந்தார். தோற்ற பக்கத்தவர்கள் வடக்கே குளிர்ந்த தரிசு நிலத்துக்கு அனுப்பப்பட்டுப் பட்டினி கிடந்தார்கள். 1871 இல், பதினொரு வயதில், அந்தச் சிறுமி அரசாங்கத்தால் படிப்புக்கு அமெரிக்கா அனுப்பப்பட்டாள். போகமுன் தாய் அவளுடைய பெயரைச் சுதேமட்சு என்று மாற்றினார். அந்தப் பெயரைக் கேட்டால் 'கைவிடுகிறேன், காத்திருக்கிறேன்' என்ற இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். 1882 இல் பட்டதாரியாகத் திரும்பினாள். பல்கலைப் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவள்தான். தாய்மொழி கூடத் தடுமாறியது. பிற்காலத்தில் தாதியர் பயிற்சிக்குப் பணம் சேர்த்தாள், பெண்கள் படிப்புக்குத் துணை நின்றாள்.

கைவிடுகிறேன், காத்திருக்கிறேன். எங்களில் எத்தனை தாய்மார் இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் அன்று நான் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் பெண்கள் குழுக் கூட்டத்தில் படங்களைக் காட்டினேன். எல்லோரும் பனியைப் பார்த்து அதிசயப்பட்டார்கள். மூலையில் இருந்த ஓர் அக்கா மட்டும் கேட்டார்:

"அங்கை போய் என்ன அலுவல் பாத்தனீங்கள் மிஸ்?"

"ஒண்டும் இல்லை அக்கா. ரெயினிலை போய், பாத்துப்போட்டு, திரும்பி வந்தனான்."

"ஒரு அலுவலும் இல்லாமலோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நாங்கள் பயணம் எண்டு போனதெல்லாம் மூட்டையோடதான் மிஸ். இல்லாட்டி ஆஸ்பத்திரிக்கு, கச்சேரிக்கு, மகனைத் தேடி. சும்மா போறது எண்டால் எப்பிடி எண்டே தெரியாது. எங்கட பாட்டுக்கு இது என்னத்துக்கு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உளவளத்துணைப் பயிற்சிகளில் எனக்கு எவ்வளவோ சொல்லித் தந்திருக்கிறார்கள். இதற்கு ஒன்றும் பொருந்தவில்லை. ஆனால் குழுவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. சேமிப்போடு சேர்த்து மாதம் மாதம் ஒரு சிறு தொகையை 'சும்மா போற காசு' என்று தனியாக ஒதுக்கினார்கள். அந்தப் பெயரை வைத்தவர்களும் அவர்களே. 2025 ஆவணியில், இருபத்திரண்டு பேர் கிளிநொச்சியில் ரயிலேறிக் காங்கேசன்துறைக்குப் போனோம். கடலைப் பார்ப்பது, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிடுவது, திரும்புவது. அவ்வளவுதான் திட்டம்.

அந்த அக்காவும் வந்தார். மடியில் ஒரு பிளாஸ்ரிக் பைல். அடையாள அட்டைப் பிரதிகள், கடிதங்கள், முறைப்பாட்டு இலக்கங்கள், மகனின் படம். "வீட்டிலை வைச்சிட்டு வர மனம் கேக்கேல்லை மிஸ். ஆரும் எங்கையாவது கேட்டால்?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அந்தப் பைல் அவருடைய மூட்டை. அதை இறக்கி வைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பரந்தன் தாண்டி ஆனையிறவு வந்தது. இரண்டு பக்கமும் நீரேரி, வெயிலில் பளபளத்தது. வெள்ளைக் கொக்குகள் நின்றன. கரையில் ஒரு சிறுவன் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கை காட்டினான். அக்கா யன்னலுக்கு எழும்பினார்.

"இதைக் கொஞ்சம் பிடியுங்கோ மிஸ்" என்று பைலை என்னிடம் தந்தார்.

பிறகு இரண்டு கையையும் வெளியே நீட்டி அவனுக்குக் காட்டினார். பளை வரும் வரைக்கும் அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் கவனமாக வைத்திருந்தேன்.

உங்கள் குழுவிலும் 'சும்மா போற காசு' என்று ஒரு கொப்பி தொடங்கிப் பாருங்கள். எங்கே போனீர்கள், யன்னலால் என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். பைலோ மூட்டையோ கொண்டு வருபவர்கள் கொண்டு வரட்டும். பக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டால் போதும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.